இலைக்கன்: ஓர் உயிரா, இரண்டா?

பேராதனைத் தாவரவியற் பூங்காவின் வரலாற்றை எழுதுவோர், ஜோர்ஜ் துவெய்ற்ஸ் என்ற ஆங்கிலேயரைச் சிங்கோனாவுக்காகவும் இறப்பருக்காகவும் நினைவுகூர்வது வழக்கம். நானும் பத்திரிகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவர் இலங்கைக்கு வந்த 1849ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட சிறு குறிப்பொன்றைப் பற்றி நெடுங்காலம் கழித்தே அறிந்தேன். இலைக்கன்களின் உள்ளே உள்ள பச்சைக் கலங்கள், தனித்து வாழும் சில அல்காக்களைப் பெரிதும் ஒத்திருக்கின்றன என்பதே அதன் சாரம். அதற்கு மேல் அவர் ஓரடி எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்தவர் வேறொருவர். அவர் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும் இலைக்கனைப் பார்க்காதவர் இரார். செட்டிநாட்டுச் சமையலில் சேரும் கல்பாசி அந்த இனத்ததே. பெயரில் பாசி இருந்தாலும் அதன் உடலிற் பெரும்பகுதி பங்கசு. (தமிழகத்தார் பங்கசைப் பூஞ்சை என்பர்; அல்காவைப் பாசி என்பர்.)

1867இல் சுவிற்சர்லாந்து இயற்கை விஞ்ஞானிகளின் கூட்டமொன்றில் சைமன் ஸ்வென்டெனர் எழுந்து, இலைக்கன் ஒரு தாவரமே அல்ல என்றார். பங்கசு ஒன்று அல்காக்களைத் தன் இழைகளாற் சுற்றி வளைத்து, அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவை உண்டு வாழ்கிறது என்பது அவருடைய முடிவு. 1869இல் எழுதியபோது பங்கசை எசமானாகவும் அல்காக்களை அடிமைகளாகவும் வருணித்தார். அவர் கமக்காரரின் மகன். எசமான், அடிமை என்ற உவமை அவர் மனத்தில் எங்கிருந்து முளைத்ததோ, அறியேன். ஆனால் எதிரிகளுக்கு அதுவே வாய்ப்பாகிவிட்டது. ஸ்கொட்லாந்துப் பாதிரியாரான குரொம்பி, சிறைப்பட்ட அல்காக் கன்னிக்கும் கொடுங்கோலப் பங்கசுக்கும் நடந்த பொருந்தாத் திருமணம் என்று 1874இல் கேலி செய்தார்.

கேலியை ஒதுக்கிவிடலாம். பாரிஸில் வாழ்ந்த பின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டரை அவ்வாறு ஒதுக்க முடியாது. லக்ஸம்பேர்க் பூங்காவில் இலைக்கன்கள் மறைவதை நகரக் காற்றின் கேட்டோடு சேர்த்து 1866இலேயே எழுதியவர் அவர். இரசாயனத் துளிகளை இட்டு இலைக்கன்களை இனங்காணும் முறையைப் புகுத்தியவரும் அவரே. அத்தகையவர் 1899இல் இறக்கும்வரை ஸ்வென்டெனரின் கொள்கையை ஏற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் தனியொரு தாவர வகுப்பாகக் கொண்டு ஆராய்ந்த ஒன்றை இரவல் கூட்டு என்று ஒருவர் சொன்னால் மனம் எப்படி ஒப்பும்?

எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. இரண்டு உயிர்கள்தாம் எனில், இரண்டையும் சேர்த்து ஓர் இலைக்கனை ஆக்கிக் காட்டு என்றார்கள். 1867இலேயே ரஷ்யாவின் பமின்ட்சினும் பரனெட்ஸ்கியும் பச்சைக் கலங்களைப் பிரித்தெடுத்துத் தனியே வாழச் செய்திருந்தனர். ஆனால் அவர்கள் கண்ட முடிவு நேர்மாறானது: தனித்து வாழும் அல்காக்களே இலைக்கனிலிருந்து வந்தவை என்று எண்ணினர்! 1871இல் ஜேர்மானியரான றீஸ், இலைக்கனின் வித்திகளை அல்கா மீது விதைத்தார். இழைகள் உட்புகுந்தன, கனியுடல் தோன்றவில்லை.

சிக்கல் இனப்பெருக்கத்தில் இருந்தது. இலைக்கனின் கனியுடல் பங்கசுக்கு மட்டுமே உரியது. அதிலிருந்து தெறிக்கும் வித்திகளில் அல்கா இராது. வித்தி முளைத்ததும் ஏற்ற அல்காவைத் தேடிக்கொள்ள வேண்டும். கிடைக்காவிடின் பெரும்பாலும் மடியும். வேறோர் இலைக்கனின் துகளிலிருந்து அல்காவைக் கவர்ந்துகொள்ளும் பங்கசுகளும் உண்டு. இந்த ஆபத்தைத் தவிர்க்கவே பல இலைக்கன்கள், சில அல்காக் கலங்களைப் பங்கசு இழைகளாற் பொதிந்து தூள்போல உதிர்க்கின்றன. காற்றும் மழைநீரும் பூச்சிகளும் அவற்றைக் கொண்டுசெல்ல, கூட்டு குலையாமலே புதிய இடத்தில் வேர்கொள்கிறது. (வேர் என்றது பேச்சுக்கு, இலைக்கனுக்கு வேரில்லை.)

ஏர்ண்ஸ்ட் ஸ்ராலுக்கு நல்லதோர் இனம் அகப்பட்டது. என்டோகார்ப்பன் என்ற அந்த இலைக்கனின் கனியுடலுக்குள்ளேயே சிறு அல்காக்கள் இருக்கின்றன. வித்திகள் தெறிக்கும்போது அவையும் சேர்ந்து வெளிவருகின்றன. ஸ்ரால் அவற்றை வளர்த்து, முளைத்த இழை அல்காவைத் தழுவுவதிலிருந்து கனியுடல் தோன்றுவதுவரை கண்டு 1877இல் வெளியிட்டார். பத்தாண்டு வழக்குக்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

அதே ஆண்டு அல்பேர்ட் பிராங்க், எசமான்–அடிமை என்ற பேச்சைத் தவிர்த்து, சேர்ந்து வாழ்வதை மட்டும் குறிக்கும் சொல்லொன்றை ஆக்கினார். 1878இல் அன்ரன் டி பாரி தமது உரையில் வழங்கிய ‘சிம்பயோசிஸ்’ என்ற வடிவமே நிலைத்தது. நாம் ஒன்றியவாழ்வு என்கிறோம். எனினும், அல்காவுக்கு இதில் என்ன இலாபம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2016இல் சில இலைக்கன்களின் புறத்தோலில் மூன்றாவதாக ஒரு மதுவத்தையும் கண்டுபிடித்தனர். அது எல்லா இலைக்கன்களிலும் இல்லை எனப் பின்னைய ஆய்வுகள் காட்டின.

துவெய்ற்ஸ் பேராதனையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். அவர் திரட்டிய இலைக்கன்களை ஆராய்ந்து, லெய்ற்றன் என்ற பாதிரியார் 1870இல் இலங்கை இலைக்கன்களின் பட்டியலொன்றை லண்டனில் வெளியிட்டார். இன்றைய பெயரீட்டு விதிப்படி, அத்தகைய பட்டியல்களிலுள்ள பெயர்கள் பங்கசை மட்டுமே குறிக்கும். உள்ளிருக்கும் அல்காவுக்குப் பெயர் வேறு.