தோட்டச் சபைகளும் தாய்ச்சபையும்

மலேசியாவின் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டச் சபைகளில் பல, தனியாக ஒரு போதகருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலையில் இருந்ததில்லை. ஒரு லயத்தில் நாலைந்து கிறிஸ்தவ வீடுகள், அடுத்த தோட்டத்தில் இன்னும் சில. விடியுமுன் பிரட்டு, நண்பகல்வரை பால்வெட்டு. ஆகவே ஜெபக்கூட்டம் அந்திக்குத் தள்ளிப்போகும். போதகர் செம்மண் சாலையில் தோட்டம் தோட்டமாக வருவார். அவர் வராத வாரங்களில் உபதேசியாரோ மூப்பரோ வேதம் வாசிப்பார்.

அந்தப் போதகரை அனுப்பிய தாய்ச்சபை எது? லுத்தரன் குடும்பங்களுக்குத் தரங்கம்பாடி வழிவந்த தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. அந்த உறவின் சாட்சியாக பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயம் 1924இலிருந்து நிற்கிறது. கத்தோலிக்கருக்கு மறைமாவட்டம், 1955இல் கோலாலம்பூரின் முதல் ஆயரானவர் டொமினிக் வெந்தர்கோன். மெதடிஸ்தருக்கோ ஆண்டு மாநாடு. மெதடிஸ்தரிடையே போதகரைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை, மாநாட்டுத் தலைமையே நியமிக்கிறது. சபைகள் மாநாட்டுக்குப் பங்குத்தொகை செலுத்துகின்றன. லயத்துக் காணிக்கையும் நகரத்துக் காணிக்கையும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. இதைப் பெரியவர் சிறியவருக்கு இடும் தர்மம் என்று யாரும் சொல்லக்கூடாது. தோட்டத்தாரும் கொடுத்தவர்களே.

1968இல் மெதடிஸ்த திருச்சபை அமெரிக்கத் தலைமையிலிருந்து விடுபட்டுத் தன்னாட்சி பெற்றது; யாப் கிம் ஹாவ் பேராயரானார். அடுத்த ஆண்டே குடியுரிமை இல்லாதோருக்கு வேலை உரிமம் கட்டாயமாகி, ஏராளமான தோட்டத் தொழிலாளர் இந்தியா திரும்பினர். சொந்தக்காலில் நிற்கவேண்டிய வேளையில் சபையார் பிரிந்து போனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட துயரம் அதற்கும் முந்தியது. அதைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

துரைமாரின் அனுமதியால் தோட்ட நிலத்தில் எழுந்த சிற்றாலயத்துக்கு, தோட்டம் கைமாறினால் எந்தப் பிடிமானமும் இல்லை. அப்படிப் பெயர்ந்த குடும்பத்தைக் கிள்ளானிலோ ரவாங்கிலோ இன்னொரு சபை அங்கத்தினராக ஏற்றதே தாய்ச்சபையின் பேருதவி என்பது என் கருத்து. போதகரை அனுப்பியதைவிடவும் அது பெரிது.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. தோட்டச் சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைத் தேடியெடுத்துப் படியெடுக்கவேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலையும் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு, பெற்றோர் பெயரும் தேதியும் எழுதிய அந்த ஒரு வரி துணையாதாரமாக உதவக்கூடும். தனிச் சபையால் ஆகாத வேலை இது. மாநாட்டு அலுவலகம் இந்த ஆண்டே ஏற்கட்டும்.