பச்சிளம் குழந்தைக்கு ‘நரம்பு’ தேடும் ஒளிக்கருவி: பெற்றோர் அறிய வேண்டியவை

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து புறப்படும் நேரம். சிப்காட்டில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குறை மாதத்தில் பிறந்த அவருடைய குழந்தை ஓசூரில் ஒரு மருத்துவமனையில் இருந்தது. “ஹஜ்ரத், நரம்பே கிடைக்கலைன்னு பிள்ளைக்கு நாலு இடத்துல குத்திட்டாங்க. பெங்களூர்ல லைட் அடிச்சு நரம்பு பார்க்குற மெஷின் இருக்காம். இப்பவே தூக்கிட்டுப் போயிடட்டுமா?” என்று அழுகையோடு கேட்டார்.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இந்தக் கேள்வி புதிதல்ல. பிழைப்புக்காக வெளி மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கு அதிகம். பெரியவர்கள் பக்கத்தில் இருப்பதில்லை. பெங்களூரோ நாற்பது கிலோமீட்டர்தான். பதற்றத்தில் எடுக்கும் முடிவு சில நேரம் குழந்தைக்கே ஆபத்தாகிவிடும். எனவே, இந்தக் கருவியைப் பற்றி நாம் விசாரித்தும் படித்தும் அறிந்ததை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நரம்பு என்று நாம் சொல்வது எது?

பேச்சு வழக்கில் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்கிறோம். உண்மையில் ஊசி ஏற்றுவது நரம்பில் அல்ல. உடலிலிருந்து இதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் இரத்தக் குழாயில். மருத்துவத் தமிழில் இதைச் சிரை என்பார்கள். ‘நரம்பில் குத்தினால் கை விளங்காமல் போய்விடுமோ’ என்று பல தாய்மார்கள் அஞ்சுவது இந்தச் சொல் குழப்பத்தால்தான்.

குறை மாதக் குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் குளுக்கோஸ், ஆன்டிபயாடிக், சில வேளை இரத்தம் ஆகியவை இந்த வழியாகவே செல்கின்றன. பொதுவாகப் பயன்படும் 24 கேஜ் வென்ஃப்ளானின் வெளி விட்டம் 0.7 மில்லிமீட்டர்தான். ஆனால், ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் சிரை அதற்கே இடம் கொடுக்காத அளவுக்கு மெல்லியதாக இருக்கலாம். உடல் குளிர்ந்தாலும் நீர்ச்சத்து குறைந்தாலும் குழாய்கள் மேலும் சுருங்கும். உடலில் நீர் கோத்து வீங்கினால் கண்ணுக்கே தெரியாது. எனவே, இரண்டு முறை தவறிவிட்டது என்பதை மட்டும் வைத்து, செவிலியருக்கு வேலை தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஒளி எப்படிக் காட்டுகிறது?

இரவில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் சிவப்பாக ஒளிர்வதைச் சிறு வயதில் பார்த்திருப்போம். அதே அடிப்படைதான். இந்தக் கருவிகளில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, ஊடுருவும் ஒளி. குழந்தையின் கைக்கோ பாதத்துக்கோ அடியில் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிற எல்.இ.டி. விளக்கை வைப்பார்கள். பச்சிளம் குழந்தையின் கை மெல்லியது என்பதால் ஒளி மறுபக்கம் வரை வரும். சிரையில் ஓடும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், அந்த இடம் மட்டும் கருங்கோடாகத் தெரியும். இது புதிய யோசனை அல்ல. அமெரிக்க மருத்துவர்கள் 1975லேயே ‘ரேடியாலஜி’ என்ற மருத்துவ இதழில் இம்முறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்கவும் இதேபோல் குழந்தையின் மார்பில் ஒளியை வைத்துச் சோதிப்பதுண்டு.

இரண்டாம் வகை, அகச்சிவப்புக் கருவி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தோலின் மேல் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைப் படம் பிடித்து, சிரைகளின் வரைபடத்தை அந்தத் தோலின் மீதே காட்டும். இதன் விலை அதிகம். இது எக்ஸ்ரே அல்ல. கதிர்வீச்சு பயம் தேவையில்லை.

எந்த அளவுக்கு உதவும்?

கருவி இருந்தால் ஒரே குத்தில் முடிந்துவிடும் என்பது சரியல்ல. ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் முதல் முயற்சியிலேயே வெற்றி கூடியிருக்கிறது. சிலவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒளி, குழாய் இருக்கும் இடத்தைக் காட்டும். அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, ஊசியைத் தாங்குமா என்பதைச் செவிலியரின் விரலும் அனுபவமும்தான் சொல்லும். கருவி இல்லாத மருத்துவமனை மோசமான மருத்துவமனை ஆகிவிடாது.

பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். வெப்பம் வெளியிடும் பழைய வகை விளக்குகளால் குறை மாதக் குழந்தைகளின் தோலில் தீக்காயம் ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. அதனால்தான் சூடாகாத எல்.இ.டி. விளக்கைச் சிறிது நேரம் மட்டும் வைக்கிறார்கள். குழந்தையின் கண்ணில் ஒளி படக் கூடாது. ஒரு குழந்தைக்குப் பயன்படுத்திய கருவியைச் சுத்தம் செய்த பிறகே அடுத்த குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டும். ‘என் மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள்’ என்று நீட்டாதீர்கள். நம் கைப்பேசியில் இருக்கும் கிருமி அந்தப் பிள்ளைக்குப் பெரிய எதிரி.

மருத்துவமனையை மாற்றும் முன்

மருத்துவரிடம் பணிவாக நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. இதுவரை எத்தனை முறை முயன்றீர்கள்? இன்னும் அனுபவமுள்ள ஒருவர் முயலலாமா? (ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலாமல் அடுத்தவரிடம் விடுவது பல இடங்களில் நடைமுறை.)

2. வேறு வழி உண்டா? பிறந்த முதல் சில நாள்களில் தொப்புள்கொடியில் உள்ள சிரை வழியாகவும் மருந்து செலுத்த முடியும்.

3. வலி குறைய என்ன செய்யலாம்? மருத்துவர் அனுமதித்தால், ஊசிக்குச் சற்று முன் தாய்ப்பாலைச் சில துளி நாவில் விடுவதும் தாயின் தொடுதலும் வலியைத் தணிக்கும்.

4. இடம் மாற்றுவது அவசியமா? அவசியமென்றால் குழந்தையின் உடல் சூடும் சர்க்கரை அளவும் வழியில் குறையாமல் யார் பார்த்துக்கொள்வார்கள்?

நான்காவது கேள்விதான் முக்கியம். ஊசி ஏறாத, பால் குடிக்காத பிள்ளையைத் துணியில் சுற்றி வாடகைக் காரில் அத்திப்பள்ளி தாண்டிப் போக்குவரத்து நெரிசலில் கொண்டுசெல்வது, நாலு ஊசிக் குத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் போகும் மருத்துவமனையில் இடம் இருப்பதை உறுதிசெய்து, மருத்துவரின் கடிதத்தோடு, உரிய ஆம்புலன்ஸில் செல்லுங்கள். 108ஐ அழைக்கும்போது பிறந்த குழந்தை என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பணத்துக்காகத் தயங்குவோரும் அறிய வேண்டியது ஒன்று உண்டு. 2011 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, வாகன வசதி ஆகியவை இலவசம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. கையில் இருப்பதை விற்றுப் பெங்களூர் ஓடும் முன் இதையும் விசாரியுங்கள்.

மார்க்க ரீதியான சில ஐயங்கள்

கையில் இடம் கிடைக்காதபோது தலையில் ஊசி ஏற்றுவார்கள். அதற்காக ஒரு பகுதி முடியை மழிப்பார்கள். ‘ஏழாம் நாள் அகீகாவுக்கு முன் முடி எடுக்கலாமா? தலையில் பாதியை மட்டும் மழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்களே?’ என்று கேட்கிறார்கள். சிகிச்சைக்காக மழிப்பது அந்தத் தடையில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) போன்ற அறிஞர்கள் விளக்கியுள்ளனர். குழந்தை வீடு திரும்பிய பிறகு தலை முடியை இறக்கி, எடுத்த முடியின் எடையைத் தோராயமாகக் கணித்து வெள்ளியின் மதிப்பைத் தர்மம் செய்யலாம். அகீகாவையும் வசதிப்படும் நாளுக்குத் தள்ளிவைக்கலாம்.

கை கால்களில் கட்டிய கயிறுகளை அவிழ்த்துவிடுங்கள். ஊசி ஏற்றிய இடம் வீங்கினால் கயிறு இறுகும். வீக்கமும் உடனே தெரியாது. ‘தஹ்னீக்’ என்று பேரீச்சம்பழமோ தேனோ நாவில் தடவ அவசரப்பட வேண்டாம். மருத்துவர் அனுமதி வரட்டும். தேனை ஒரு வயது வரை அறவே தரக் கூடாது.

அன்றிரவு அந்தச் சகோதரர் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்டார். அனுபவமுள்ள ஒரு செவிலியர் வந்து, எந்தக் கருவியும் இல்லாமல், பாதத்தில் ஊசி ஏற்றினார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை அங்கேயே தேறியது. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. பதறாமல் தேடுவதும் அதில் சேர்ந்ததுதான். நம் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காக இரவில் கண் விழிக்கும் செவிலியர்களுக்கும் அல்லாஹ் ஆரோக்கியம் தருவானாக.