ஹெரால்டு காரின் ஆயில் கிளட்ச்

கிளட்ச் பெடலை மிதிக்கும் விசையை இரும்புத் தண்டோ கம்பியோ இல்லாமல் ஒரு குழாய்க்குள் அடைபட்ட திரவத்தின் வழியே கியர்பாக்ஸ் வரை கொண்டுபோவதே ஹைட்ராலிக் கிளட்ச். 1795இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் அழுத்து எந்திரத்துக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. மெட்ராஸ் ஒர்க்‌ஷாப்புகளுக்கு இதை நெருக்கமாக்கிய வண்டிகளில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு முக்கியமானது. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், 1961 முதல் வண்டலூர் அருகேயிருந்த தன் ஆலையில் இதைத் தயாரித்தது. மூல வடிவம் 1959இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டு. உடலை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. இதன் நான்கு கதவு கார் இந்தியாவில் மட்டுமே தயாரானது.

பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர், இரண்டையும் இணைக்கும் குழாய், நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ். பெடலை மிதித்தால் மேலே உள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ளும், கீழே உள்ள பிஸ்டன் தண்டை நகர்த்தும், தண்டு கிளட்ச் லீவரை அழுத்தும், பிளேட் விடுபடும். இத்தனை எளிய ஏற்பாட்டில் பழுது வந்தால், வெளியே தெரியும் அடையாளம் பெரும்பாலும் ஒன்றுதான்: கியர் விழாது, விழுந்தாலும் நறநறவென்று அரைக்கும். அந்த ஒரே அடையாளத்துக்குக் காரணம் மேல் சிலிண்டரா, நடுக்குழாயா, கீழ் சிலிண்டரா, அல்லது கிளட்ச்சேதானா என்று பிரித்தறிவதில்தான் மெக்கானிக் தொழிலின் திறமை முழுவதும் இருந்தது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்து, கடைசியில் கோளாறு ஒரு சிறு ரப்பர் வாஷரில் என்று தெரிந்தால் ஒரு நாள் உழைப்பு வீண்.

ஆகவே சோதனைக்கு ஒரு வரிசை உருவானது. முதலில், குழாய்த் திரவமாக ஊற்றப்படும் பிரேக் ஆயிலின் மட்டம். குறைந்திருந்தால் எங்கோ கசிவு. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்றே தூக்கினால் உள்ளே ஈரம் தெரியும். பெடல் தண்டு வழியே உள்பக்கம் வழிந்திருந்தால் மேல் சிலிண்டரின் வாஷர் போயிருக்கும். பிரேக் ஆயில் பெயின்டைக் கரைக்கும் என்பதால், மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே பெயின்ட் உரிந்து கிடப்பதும் நம்பகமான சாட்சி. கசிவு இல்லையென்றால் ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் கீழே தண்டு எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார். நாலைந்து முறை வேகமாக மிதித்ததும் நகர்வு கூடினால் குழாயில் காற்று இருக்கிறது. மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், ஆயில் வெளியே வராமலே மாஸ்டர் சிலிண்டரின் வாஷரைத் தாண்டிப் பின்னால் போகிறது. பெடலை இணைக்கும் பின்னும் அதன் துளையும் தேய்ந்திருந்தாலும் நகர்வு குறையும். வாஷரை மாற்றும் அவசரத்தில் பலர் கவனிக்காமல் விட்டது இதைத்தான். தண்டு முழுதாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்ற பிறகே கிளட்ச்சின் உட்புறத்தைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஹெரால்டில் ஒரு வசதி உண்டு: கியர்பாக்ஸை மூடியிருக்கும் பலகையைக் கழற்றினால் இன்ஜினைத் தொடாமல் கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம்.

எதிர்த்திசைப் பழுதும் உண்டு. பெடலை விட்ட பிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். ஹோஸின் உட்புறம் உப்பி அடைத்துக்கொண்டாலோ, மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துவாரம் மூடிக்கொண்டாலோ இது நேரும். இன்ஜின் ஆயிலைத் தவறுதலாக ஊற்றினாலும் இதே விளைவுதான். அக்கால இயற்கை ரப்பர் வாஷர்கள் கனிம எண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

இந்தப் பழுதுகளைக் கடற்கரை ஊர்கள் விரைவுபடுத்தின. பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஆயில் நிரப்பும் ரிசர்வாயர் மூடியின் காற்றுத் துளை வழியே ஈரம் நுழைகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் கிடக்கும் பழவேற்காட்டுக் குப்பங்கள் போன்ற இடங்களில் காற்று ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கும். உறிஞ்சிய நீர் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழிகளாக்கும். அந்தக் குழிகள் புது வாஷரையும் சீக்கிரம் கிழிக்கும். உப்புக்காற்று வெளிப்புறத்தைத் தாக்கும்: இரும்புக் குழாய் துருவேறும், காற்று எடுக்கும் நிப்பிள் இறுகிப்போய் ஸ்பானர் பட்டதும் முறியும். மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது ஹைட்ராலிக்கில் ஒரு குறையும் இருக்காது; கியர் மட்டும் விழாது. ஆயிலை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றியிருந்தால் இவற்றில் பாதி வந்திருக்காது. மட்டம் குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புவதோடு நின்ற வழக்கமே சிலிண்டர்களைக் கெடுத்தது.

இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் முழுச் சிலிண்டர் மாற்றுவது எளிதல்ல. 1962இல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின; கெர்லிங் முறையிலான ஹைட்ராலிக் பாகங்கள் உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கின. அதன் பிறகும் பழைய வண்டிக்காரர்களுக்குச் சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருக்களான புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும்தான் கதி. லேசான அரிப்பைத் தேய்த்து மழமழப்பாக்கிப் புது வாஷர் போடுவார்கள். ஆழமாக இருந்தால் லேத்தில் குடைந்து பித்தளை ஸ்லீவ் இறக்குவார்கள். பித்தளை துருப்பிடிக்காது என்பதால், நன்றாகச் செய்த ஸ்லீவ் பழைய உட்சுவரைவிடக் கடற்கரைக்குப் பொருத்தமானது.

ஹெரால்டைத் தொடர்ந்து 1972இல் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கெஸல் கார் வந்தது. ஸ்டாண்டர்டு 2000 காரோடு 1980களின் கடைசியில் நிறுவனத்தின் கார் உற்பத்தி முடிந்தது. 1983இல் வந்த மாருதி 800 கிளட்ச்சுக்கு வெறும் கேபிளையே நம்பியது. அறுந்தால் மாற்ற வேண்டியதுதான், சோதித்துப் பார்க்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பின்னர் வந்த பல கார்களில் ஹைட்ராலிக் கிளட்ச் திரும்பிவிட்டது. ஆனால் அவற்றில் பலவற்றின் ஸ்லேவ் சிலிண்டர் கிளட்ச் உறைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. கசிந்தால் கியர்பாக்ஸை இறக்கியே தீர வேண்டும்.