சூடான தரைக்கு ஒரு காகிதம்

ஸ்ரீரங்கத்து வீட்டின் சிவப்பு சிமெண்ட் தரையில் விரிசல். மேலே வினைல் ஒட்டிவிடலாமா என்று விவரங்களைப் புரட்டினேன். பல நிறுவனங்கள் ஒரே எச்சரிக்கையைத் தருகின்றன: தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய் இருந்தால், மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. சிரிப்பு வந்துவிட்டது. சித்திரை மாசத்துல நம்ம ஊர்த் தரை குழாய் இல்லாமலே அதைத் தாண்டிடும்!

சரி, தரையை எதற்குச் சூடாக்குகிறார்கள்? தேடியதில் கொரியாவின் 'ஒண்டோல்' கிடைத்தது. சமையல் அடுப்பின் புகை அறைக்கு அடியிலுள்ள பாதைகளில் ஓடி, மறுபக்கப் புகைபோக்கியில் வெளியேறும். பாதைகளுக்கு மேல் பலகைக் கல், அதன்மேல் களிமண், அதன்மேல் எண்ணெய் ஊறிய காகிதம். அதற்குப் பெயர் 'ஜாங்பான்'. இன்று புகைக்குப் பதில் வெந்நீர்க் குழாய், காகிதத்துக்குப் பதில் வினைல். ஆனால் பெயர் மட்டும் அதே ஜாங்பான்தான்.

காரணம் எளிது. இரண்டும் மெல்லியவை, சூட்டைத் தடுக்காமல் காலுக்கு விடுகின்றன. ஆனால் வினைல் சூட்டில் விரியும், பசையும் இளகும். அதனால்தான் சூடேற்றியை நிறுத்திவிட்டு ஒட்டி, பிறகு மெல்ல மெல்ல வெப்பத்தைக் கூட்டச் சொல்கிறார்கள்.

நம் தேவை நேர்மாறு. மத்தியானம் வெறும் தரையில் படுக்கும் அம்மாவுக்கு வேண்டியது குளிர்ச்சி. அதை, தேங்காயெண்ணெய் தேய்த்து மெருகேற்றிய இந்தத் தரை ஏற்கெனவே தருகிறது. வினைல் வேண்டாம். சிவப்புத் தரை போடத் தெரிந்த கொத்தனாரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.