நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் பாரி நாகசுரமும்

நாகசுரத்தின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் அதனை வாசித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோயிற் கலைஞர் பரம்பரைகள், ஆதீன வித்துவான்கள், அவர்தம் இராக ஆலாபனைகள் என விரியும் அவ்வரலாற்றில், அவர்கள் கையிலிருந்த குழலைக் கடைந்தவர்களைப் பற்றி ஒரு வரியேனும் காண்பது அரிது. அவ்வாறு மறக்கப்படாது, வித்துவான்களின் வாய்மொழியாலேயே நிலைபெற்ற பெயர்களுள் ஒன்று நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பெயராகும்.

நரசிங்கம்பேட்டை, கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட சிற்றூர். சைவ ஆதீனம் அமைந்த திருவாவடுதுறை அதன் அயலூர். அவ்வாதீனத்தின் வித்துவானாக விளங்கியவர் டி. என். இராஜரத்தினம்பிள்ளை (1898–1956). இவ்வயலுறவு கருதத்தக்கது. வாசிப்பவர் கண்ட குறையை நேரிற் சென்று சொல்லவும், செய்பவர் அதனைத் திருத்தி மீளவும் கையிற் கொடுக்கவும் கூடிய தூரம் அது.

அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது திமிரி நாகசுரம். அது குட்டையானது, உயர்ந்த சுருதி உடையது. சுவாமி வீதியுலா வருகையில் வெட்டவெளியிலே, தவிலின் முழக்கத்தையும் மக்கள் ஆரவாரத்தையும் ஊடறுத்துக் கேட்கவேண்டிய தேவையே அதன் குரலை வகுத்தது எனலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சபா மேடையும் இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் வானொலியும் வந்து சேர்ந்தபோது அத்தேவை மாறிற்று. வாய்ப்பாட்டிலும் தேர்ந்த இராஜரத்தினம்பிள்ளை, மனிதக் குரலின் கனத்தையும் குழைவையும் குழலிலே தேடினார். திமிரியிலோ சுத்த மத்திமம் தானாகச் சரிவர அமைவதில்லை. விரலாலும் மூச்சாலும் சீவாளியில் உதடு கொடுக்கும் அழுத்தத்தாலும் வித்துவானே அதனை நேர்செய்துகொள்ள வேண்டும். தோடிக்குச் சுத்த மத்திமம் இன்றியமையாதது. தோடியாலேயே புகழ்பெற்ற ஒருவருக்கு இது சிறிய இடர்ப்பாடாக இருந்திருக்க முடியாது.

இச்சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பு ஆசாரியின் பட்டறைக்கு வந்தது. குழலை நீட்டினால் சுருதி இறங்கும் என்பதை எவரும் அறிவர். நீட்டிய குழலில் துளைகளை எங்கே இடுவது, உட்குடைவு எவ்வீதத்தில் விரியவேண்டும் என்பனவே வினாக்கள். நாகசுரத்தின் உட்புறம் மேலே ஒடுங்கிக் கீழே அகலும் கூம்பு வடிவினது. ஓரிடத்தில் சிறிது மிகையாகக் குடைந்துவிட்டால் ஒரு சுரத்தோடு நில்லாமல் பல சுரங்கள் நிலைகுலையும். குடைந்த மரத்தை மீண்டும் நிரப்ப இயலாது. துளைகளை விருப்பம்போல் அகற்றவும் முடியாது, விரல்கள் எட்டவேண்டுமே! விரல்களுக்குரிய ஏழு துளைகளுக்கு அப்பால், அடிப்புறத்தில் மேலும் ஐந்து துளைகள் உள்ளன. அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் நாதத்தைச் செம்மை செய்வர்.

மரமும் எளிதிற் கிடைப்பதன்று. குழலுக்கு உகந்தது ஆச்சா. புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் பல பத்தாண்டுகள் கிடந்து ஈரம் வற்றி முதிர்ந்த மரத்தையே தேடி எடுப்பர். ஊரில் ஒரு பழைய வீடு இடிபட்டால் நாகசுரம் செய்வோர்க்கு அது நற்செய்தியாகும் என்பது இத்தொழிலின் விந்தை. அம்மரத்தைக் கடைந்து, துளையிட்டு, சீவாளி பொருத்தி ஊதிப் பார்த்து, மீண்டும் சிறிது அராவி, மீண்டும் ஊதிப் பார்த்தே சுரம் நிறுத்தப்படுகிறது. சுரஞானம் இல்லாத தச்சரால் இது இயலாது. அவ்வகையில் ரங்கநாதன் ஆசாரியை இசைக்கலைஞர் வரிசையிற் சேர்ப்பதே பொருத்தமாகும்.

இராஜரத்தினம்பிள்ளையின் செவியும் ஆசாரியின் உளியும் கூடி உருவாக்கியதே சுத்த மத்திமம் செவ்வனே பேசும் பாரி நாகசுரம். நீண்டதும் கனத்த நாதமுடையதுமான இக்கருவி கச்சேரி மேடையைத் தனதாக்கிக்கொண்டது. பிள்ளையின் மாணாக்கரான காருகுறிச்சி அருணாசலம் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் வாசித்தபோது, கோயில் வாசலுக்கு வராதவர்களும் நாகசுரத்தைக் கேட்டனர். நாகசுர மரபில் தஞ்சையோடு நெடிய உறவு பூண்ட யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் பாரியின் நாதமே பழகிப்போயிற்று. இதனால் இழப்பும் உண்டு. திமிரியின் வீறு வீதியிலிருந்து மெல்ல மறைந்தது. பாரியோ அகன்ற வெளியில் ஒலிபெருக்கியின் துணையை நாடுகிறது.

2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குறியீடு ஊரின் பெயரால் அமைந்தது. அவ்வூரிற் குழல் கடையும் குடும்பங்கள் இன்று சிலவே. ஆச்சா உத்தரம் தாங்கிய வீடுகளும் குறைந்து வருகின்றன.