வென்டிலேட்டரும் யூரின் பையும்

ஐசியுவுக்குள் போனதும் என் கண் கட்டிலுக்குக் கீழே தொங்கும் யூரின் பைக்குத்தான் போகும். வென்டிலேட்டர் திரையெல்லாம் அப்புறம். டயாலிசிஸ் டெக்னீஷியன் புத்தி அப்படி. வைரஸ் நிமோனியாவில் நுரையீரலைக் காப்பாற்றச் செய்தவற்றில் பல, சிறுநீரகத்தின் தலையில் விடிந்ததைப் பார்த்துப் பழகிய புத்தி.

இது கோவிட் காலத்தில் முளைத்த வம்பு என்று பலர் நினைக்கிறார்கள். 1947-லேயே அமெரிக்காவில் ட்ரூரி, ஹென்றி, குட்மேன் என்ற மூவர் எழுதிவிட்டார்கள்: அழுத்தக் காற்றைத் தொடர்ந்து சுவாசித்தால் சிறுநீர் குறைகிறது. நாம் இயல்பாக மூச்சை இழுக்கும்போது காற்றோடு ரத்தமும் நெஞ்சை நோக்கி இழுபடும். இயந்திரம் காற்றைத் தள்ளும்போது நடப்பது தலைகீழ். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதென்று சிறுநீரகம் எண்ணிக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது.

காற்றைத் தள்ளுவதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது 1952-இல் கோபன்ஹேகன். போலியோ வைரஸால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்தார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, கையால் பையை அமுக்கியே சுவாசம் கொடுத்தார்கள். ஐசியு என்ற ஏற்பாடு அங்கிருந்து வளர்ந்ததுதான். 1967-இல் டென்வர் மருத்துவர்கள் 12 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, மூச்சை வெளியே விடும்போதும் அழுத்தத்தை விடாமல் வைத்தால் ஆக்சிஜன் ஏறுகிறது என்றார்கள். நுரையீரலுக்கு நல்ல சேதி. சிறுநீரகத்தை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தண்ணீர்ச் சண்டை. யூரின் குறைந்தால் கிட்னி டாக்டர் இன்னொரு பாட்டில் சலைன் ஏற்றச் சொல்வார். நெஞ்சு டாக்டரோ, ஏற்கெனவே ஊறிப்போன நுரையீரலில் இன்னும் ஊற்றுவதா என்று, சிறுநீரைக் கூட்டி நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் எழுதுவார். நடுவில் நர்ஸும் நானும். 2006-இல் 1,000 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு நெஞ்சு டாக்டர் பக்கம் சாய்ந்தது. தண்ணீரைக் குறைத்தவர்கள் வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் இறங்கினார்கள்; டயாலிசிஸ் தேவை கூடவில்லை. ஆனால், அதில் யூரினையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து அளந்துதான் குறைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு லாசிக்ஸ் போடுகிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

2020 வசந்தத்தில் நியூயார்க் பகுதி மருத்துவமனைகளில் சேர்ந்த 5,449 கோவிட் நோயாளிகளின் கணக்கு வந்தது. 36.6 சதவீதத்தினருக்குச் சிறுநீரகம் பாதித்திருந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 89.7 சதவீதம். பழியை இயந்திரத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. அந்த நிலைக்குப் போனவர்களின் உடம்பு முழுவதையும் நோய் உலுக்கியிருந்தது. ஆனாலும் அந்த எண் என்னை வியக்கவைக்கவில்லை. அங்கே டயாலிசிஸ் திரவத்துக்கே தட்டுப்பாடு வந்தது.

மருந்துகளிலும் இதே கதை. கோவிட்டுக்குக் கொடுத்த ரெம்டெசிவிரைக் கரைக்கச் சேர்க்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால், சிறுநீரகம் வடிகட்டும் திறன் (eGFR) 30-க்குக் கீழே போனவர்களுக்கு வேண்டாம் என்றார்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் கொடுக்கலாம் என்று அமெரிக்க அனுமதி வந்தது 2023 ஜூலையில்தான்.

எங்களை வாட்டியது வேறு மருந்து. 2021 மே மாதம், கருப்புப் பூஞ்சை. ஸ்டீராய்டும் சர்க்கரையும் சேர்ந்து அதற்கு வழிவிட்டிருந்தன. அதற்கான மருந்து, லிப்போசோமல் ஆம்போடெரிசின், நாடெங்கும் கிடைக்காமல் போனது. சொந்தக்காரர்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். பழைய வகை ஆம்போடெரிசின்தான் கிடைத்தது. அது சிறுநீரகக் குழாய்களை நேராகத் தாக்கும், பொட்டாசியத்தை வடித்துவிடும். அந்தப் பாதிப்பைக் குறைக்க முன்கூட்டியே சலைன் ஏற்ற வேண்டும். அப்போதுதான் ஆக்சிஜனிலிருந்து இறங்கிய நுரையீரலுக்கு மறுபடியும் தண்ணீர்! நெஞ்சு டாக்டர் முறைத்தார், கிட்னி டாக்டர் விடவில்லை. கடைசியில், சலைனை மெதுவாக ஏற்றுவது, தினமும் காலையில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்ப்பது, யூரினை மணிக்கு மணி எழுதுவது என்று முடிவானது. நோட்டில் எழுதுகிற வேலை எங்களுடையது.