ரிவர் வகுப்பு ஃபிரிகேட்டுகள்

இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் வணிகக் கப்பல் அணிகளுக்குக் காவலாகக் கட்டப்பட்ட போர்க்கப்பல் வகை. இலங்கைக் கடற்படையில் முன்பு இருந்த கஜபாகு, மகாசேன ஆகியன இவ்வகுப்பைச் சேர்ந்தவை.

வடிவமைப்பு: ஸ்மித்ஸ் டாக் நிறுவனத்தின் வில்லியம் ரீட் வடிவமைத்தார். அவரது முந்தைய ஃபிளவர் வகுப்புக் கொர்வெட்டுகள் பெருங்கடலில் மாலுமிகளைப் படாதபாடு படுத்தின. நீர்மட்டத்தில் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கியை எட்டிப்பிடிக்கும் வேகமும் அவற்றுக்கு இல்லை. ரிவர் கப்பல் சுமார் 92 மீட்டர் நீளம். இரண்டு நீராவி எந்திரங்கள், இரண்டு சுழலிகள், 20 நொட் வேகம். முன்தளத்தில் இருந்த 'ஹெட்ஜ்ஹாக்' 24 குண்டுகளை ஒருசேர முன்னோக்கி வீசும். நீர்மூழ்கியின் உடலில் பட்டால் மட்டுமே அவை வெடிக்கும். இதனால் குறி தப்பினாலும் கடலுக்கடியில் ஒலித்தேடல் கலங்காது.

சேவை: முதற்கப்பல் 1942இல் சேவைக்கு வந்தது. பிரித்தானியா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் 150க்கும் மேற்பட்டவற்றைக் கட்டின. போருக்குப் பின் பல கப்பல்கள் கைமாறின.

இலங்கையில்: கனடாவின் ஹாலோவெல், ஓர்க்னி ஆகிய இரண்டும் 1944இல் சேவையில் சேர்ந்தவை. போருக்குப் பின் பயணிகள் கப்பல்களாகி, பின்னர் இஸ்ரேலியக் கடற்படையில் பணியாற்றின. 1959இல் அன்றைய இலங்கை அரச கடற்படை அவற்றை வாங்கி, முறையே கஜபாகு, மகாசேன எனப் பெயரிட்டது. இவை பண்டைய அரசர்களின் பெயர்கள். கஜபாகுவே சிலப்பதிகாரத்தின் கயவாகு என்பர். மகாசேன 1960களில் விலக்கப்பட்டது. 1972இல் நாடு குடியரசானபின் இலங்கைக் கடற்படைக் கப்பலாகத் தொடர்ந்த கஜபாகு, 1970களின் இறுதியில் உடைக்கப்பட்டது.